இரவல் துப்பாக்கியின் விலை

மதுரை சம்மட்டிபுரத்தில் அடங்கியிருக்கும் யூசுப் கானை நம் முன்னோர் ‘கான் சாஹிபு’ என்றே அழைத்தனர். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, ஆங்கிலக் கும்பெனியின் சிப்பாய்ப் படைத் தலைவராக உயர்ந்தவர் அவர்.

ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா பாளையங்களில் கப்பம் வசூலித்ததே கும்பெனியின் துப்பாக்கிகளை முன்னிறுத்தித்தான். அவருக்காகப் பூலித்தேவர் மீது படை நடத்தியவரும் இதே கான் சாஹிபு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதில் நமக்கு உடன்பாடில்லை.

மதுரையின் நிர்வாகம் கைக்கு வந்தபின் அவர் நவாபுக்கு அடங்க மறுத்தார். 1763இல் கும்பெனியும் நவாபும் சேர்ந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டனர். உள்ளே கான் சாஹிபு நம்பியிருந்ததும் அந்நியரையே: பிரெஞ்சுக்காரர் மார்ஷானும் அவருடைய ஐரோப்பிய வீரர்களும். முதல் முற்றுகையைத் தாங்கிய கோட்டை மறு ஆண்டு பட்டினியால் தளர்ந்தது. அவரைப் பிடித்துக் கொடுத்தவர்களில் முதல்வர் அந்த மார்ஷான். தொழுகையில் இருந்தபோது பிடித்தனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிட்டனர்.

வென்ற நவாபுக்கு என்ன மிஞ்சிற்று? படைச் செலவெல்லாம் அவர் கணக்கில் ஏறியது. அதை அடைக்கக் கும்பெனி ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். குடியானவர் செலுத்தும் நிலவரியை ஈடாக எழுதிக் கொடுத்தார். எண்ணெய்ப் பணத்தில் அமெரிக்கப் போர் விமானங்களை வாங்கிக் குவித்த ஈரான் ஷாவே 1979இல் அரியணை இழந்தார். நவாபிடம் எண்ணெயும் இல்லை. 1795இல் கடனாளியாகவே வாலாஜா மறைந்தார். 1801 உடன்படிக்கையில் கர்நாடகத்தின் ஆட்சியைக் கும்பெனி எடுத்துக்கொண்டது.