கடன்வழி வந்த கடமை: அமெரிக்க ஊரக மின் கூட்டுறவுகளும் நெருக்கடிக்காலத் திட்டமும்

முன்னுரை

புயலோ பனிமழையோ ஒரு வட்டாரத்தின் மின்கம்பிகளை அறுத்தெறிந்த பின் அவற்றை எவ்வாறு மீண்டும் எழுப்புவது என்பது பொறியியலார் ஆராயும் பொருளாகும். அதற்கான திட்டத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறீர்களா என்று ஒரு மின் நிறுவனத்தைக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதோ வரலாற்று மாணவர் ஆராய வேண்டிய பொருள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஊரக மின் கூட்டுறவுச் சங்கங்களிடம் இக்கேள்வியை 2004ஆம் ஆண்டு விரிவானதொரு கட்டாய விதியாக முன்வைத்தது எரிசக்தித் துறையன்று. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையுமன்று. வேளாண்மைத் துறையின் கீழ் இயங்கும் ஊரகப் பயன்பாட்டுச் சேவையகம் என்னும், கடன் வழங்கும் அமைப்பே அதனை முன்வைத்தது. அது ஏன் அவ்வாறு நேர்ந்தது, அதனால் எவை பதிவு பெற்றன, எவை பதிவு பெறாமல் விடுபட்டன என்பவற்றை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

நம் வாசகர்க்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். தீபகற்ப மலேசியாவில் தெனாகா நேஷனல், சிங்கப்பூரில் எஸ்.பி. குழுமம் எனப் பெருநிறுவனம் ஒன்றே மின்கம்பிகளைப் பேணும் முறைமைக்கு நாம் பழகியவர்கள். அமெரிக்க நாட்டுப்புறத்திலோ மின்சாரம் பெறுவோரே உறுப்பினராகவும் உரிமையாளராகவும் அமைந்த ஏறத்தாழ 900 கூட்டுறவுகள் 4 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் வழங்கிவருகின்றன. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இவற்றின் பொறுப்பில் உள்ளது. ஆயினும் ஒரு மைல் கம்பிக்குச் சராசரியாக 8 இணைப்புகளே அமைகின்றன. இந்த விகிதத்தை நினைவிற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

கடனும் கம்பமும்

1935இல் அமெரிக்கப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே மின்னிணைப்புப் பெற்றிருந்தது. ஊதியம் தராத வழித்தடங்கள் என்று தனியார் நிறுவனங்கள் நாட்டுப்புறத்தை ஒதுக்கியிருந்தன. அவ்வாண்டு மே 11ஆம் நாள் அதிபர் பிராங்கிளின் ரூஸ்வெல்ட் தம் ஆணையின்வழி ஊரக மின்மயமாக்க நிருவாகத்தை நிறுவினார். மோரிஸ் குக் அதன் முதல் தலைவரானார். அரசு குறைந்த வட்டிக்குக் கடன் தந்தால் தனியார் நிறுவனங்களே பணியை மேற்கொள்ளும் என்று தொடக்கத்தில் எண்ணப்பட்டது. அவை பெரிதாக முன்வரவில்லை. உழவர் கூட்டுறவுகள் வந்தன. செனட்டர் ஜார்ஜ் நோரிஸ், கீழவை உறுப்பினர் சாம் ரேபர்ன் ஆகியோரின் முயற்சியால் 1936 மே 20இல் இது சட்டமாயிற்று. 1944இல் வட்டி 2 விழுக்காடாகவும் கடன்காலம் 35 ஆண்டுகளாகவும் வரையறுக்கப்பட்டன. 1950களின் நடுப்பகுதிக்குள் பண்ணைகளுள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை ஒளி பெற்றுவிட்டன.

கடன் வெறுங்கையாக வரவில்லை. கம்பம், கம்பி, மின்மாற்றி அனைத்தும் அரசுக்கு அடமானமாயின. அடமானம் பெற்றவர் தம் பொருள் எந்நிலையில் உள்ளதென்று பார்ப்பது இயல்பு. ஆகவே கட்டுமான வரைபடங்கள், ஏற்கத்தக்க பொருள்களின் பட்டியல், ஒரே சீரான கணக்குமுறை, குறித்த காலத்தில் அனுப்பவேண்டிய அறிக்கைகள் என நிபந்தனைகள் தொடர்ந்தன. தமிழில் 'கடன்' என்னும் சொல் பெற்ற பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிப்பதை நாம் அறிவோம். ஆங்கிலத்தில் அத்தகைய சொல் இல்லை. ஆனால் இந்த அடமானப் பத்திரங்களில் அப்பொருள் இருந்தது.

செலவைக் குறைப்பதே அன்றைய பொறியாளர்களின் தலையாய நோக்கமாக இருந்தது. ஒரு மைல் கம்பிக்கு 1,500 முதல் 2,000 டாலர் வரை ஆகும் என்று சொல்லப்பட்ட பணியை 1,000 டாலருக்கும் கீழே கொண்டுவந்தனர். வலிமை மிக்க கம்பியைப் பயன்படுத்தி, கம்பங்களுக்கிடையே தொலைவைக் கூட்டியது அதற்கான வழிகளுள் ஒன்று. அச்சிக்கனம் இல்லையேல் பல இலட்சம் வீடுகளுக்கு மின்சாரம் சென்றிராது என்பதில் ஐயமில்லை. எனினும் நெடுந்தொலைவு தொங்கும் கம்பியின்மேல் பனி உறைந்தால் எடை பன்மடங்காகும். ஒரு கம்பம் முறிந்தால் அதன் இழுப்பில் அடுத்தடுத்த கம்பங்களும் சாயும். ஒற்றைக் கிளையாக ஓடும் தடத்தில் மாற்றுவழி மின்சாரமும் கிட்டாது. மின்விளக்கு மட்டுமன்றிக் கிணற்றுநீர், பால் கறக்கும் பொறி, பாலைக் குளிர்விக்கும் தொட்டி ஆகிய அனைத்தும் அத்தடத்தையே நம்பியிருந்தன. 1998 ஜனவரியில் வடகிழக்கு மாநிலங்களையும் கனடாவையும் தாக்கிய பனிமழையின்போது பால்பண்ணையாளர்கள் பாலைத் தரையில் கொட்டவேண்டியதாயிற்று.

எழுதப்படாத ஏற்பாடு

2004க்கு முன் கூட்டுறவுகள் நெருக்கடியை எண்ணிப் பாராதிருந்தன என்று கருதலாகாது. 1942இல் தேசிய ஊரக மின் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கான காரணங்களுள், போர்க்காலப் பொருள் தட்டுப்பாட்டோடு, புதிதாக எழுப்பிய தடங்களுக்குக் காப்புறுதி பெறும் தேவையும் ஒன்றாக இருந்தது. ஓரிடத்தில் கம்பிகள் வீழ்ந்தால் அண்டை மாநிலங்களின் கூட்டுறவுகள் தம் பணியாளரையும் ஊர்திகளையும் அனுப்பும் வழக்கம் நிலைபெற்றது.

அவ்வழக்கம் எளிதாகக் கைகூடியமைக்கு ஒரு காரணம் உண்டு. கடன் வழங்கியவர் விதித்த ஒரே சீரான கட்டுமான முறையால், ஒரு மாநிலத்துப் பணியாளர் மற்றொரு மாநிலத்துக் கம்பத்தில் ஏறினாலும் தாம் அறிந்த அமைப்பையே அங்குக் கண்டார். சிக்கனத்திற்காகவும் அடமானப் பாதுகாப்பிற்காகவும் வகுத்த தரம், எவரும் அவ்வாறு பெயரிடாமலேயே நெருக்கடிக்காலத் திட்டத்தின் பெரும்பகுதியாக விளங்கியது என்பது நம் கருத்து. இதனை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

2004ஆம் ஆண்டு விதி

1994இல் பழைய நிருவாகம் மறுசீரமைக்கப்பட்டு ஊரகப் பயன்பாட்டுச் சேவையகமாயிற்று. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் மின்கட்டமைப்பு நாட்டுப் பாதுகாப்புப் பொருளாகக் கருதப்பட்டது. 2003 டிசம்பரில் வெளியான அதிபரின் ஏழாம் உள்நாட்டுப் பாதுகாப்பு ஆணை, இன்றியமையாத கட்டமைப்புகளைக் காக்கும் பொறுப்பைத் துறைதோறும் பங்கிட்டது. இப்பின்னணியில் 2004 அக்டோபரில் வெளியான விதி, கடன் பெற்ற ஒவ்வொரு மின் கூட்டுறவும் இரண்டு ஆவணங்களை உருவாக்கவேண்டும் என்றது. தாக்குதலுக்கோ அழிவுக்கோ உள்ளாகக்கூடிய இடங்களைக் கண்டறியும் இடர் மதிப்பீடு முதலாவது. அதற்கு 2005 ஜூலை வரை காலம் தரப்பட்டது. மின்சாரத்தை மீட்டளிக்கும் நெருக்கடிக்காலத் திட்டம் அடுத்தது. அதற்குரிய எல்லை 2006 ஜனவரி. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் திட்டத்தை ஒத்திகை பார்த்தல் வேண்டும். உண்மையான பேரிடரில் திட்டத்தைச் செயற்படுத்தியிருந்தால் அதுவே ஒத்திகையாகக் கொள்ளப்படும்.

திட்டத்தில் இடம்பெறவேண்டியவை ஆரவாரமற்றவை: அழைக்கவேண்டிய தொலைபேசி எண்கள், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்னும் வரிசை, தலைமை அலுவலகமே இருளில் மூழ்கினால் செய்யவேண்டியவை, கணினியும் கணக்கும் செயலிழந்தால் வணிகத்தைத் தொடரும் வழி. மேலாளர் ஒப்பமிட, இயக்குநர் அவை அதனை ஏற்கவேண்டும். பயங்கரவாத அச்சத்தில் கருக்கொண்ட விதி, பனிக்கும் புயலுக்கும் உரிய கையேடாகவே உருப்பெற்றதை இப்பட்டியலே காட்டுகிறது.

இரண்டு கெடுக்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், 2005 ஆகஸ்டு 29இல், கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்தது. மிசிசிப்பிக் கடலோரக் கூட்டுறவுகளுள் சில தம் உறுப்பினர் அனைவரது மின்சாரத்தையும் இழந்தன. திட்டம் எழுத்தில் நிறைவு பெறுவதற்கான நாள் வருமுன்பே அது செயலில் சோதிக்கப்பட்டது. பிற மாநிலங்களிலிருந்து பணியாளர்கள் வந்து சேர்ந்தது பழைய எழுதப்படாத ஏற்பாட்டின்படிதான்.

கடன் வழங்குநர் இப்பொறுப்பை ஏற்றதற்குக் காரணம், பிற கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்தமையே. 2003 ஆகஸ்டு 14இல் ஏறத்தாழ 5 கோடிப் பேரை இருளில் ஆழ்த்திய பெருந்தடைக்குப் பின், 2005ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டம் உயர்மின் கட்டமைப்பிற்குக் கட்டாயத் தரங்களை விதித்தது. உள்ளூர் விநியோகத் தடங்களை அது வெளிப்படையாகவே விலக்கியது. மாநில ஆணையங்களும் பல இடங்களில் கூட்டுறவுகளை முழுமையாகக் கண்காணிப்பதில்லை. எஞ்சியிருந்தது அடமானம் ஒன்றே. ஆயின் இதில் ஓர் இடைவெளியும் உண்டு. அரசுக் கடனை அடைத்து வெளியேறிய கூட்டுறவுக்கும், தனியார் மூலத்திலிருந்து மட்டும் கடன் பெறும் கூட்டுறவுக்கும் இவ்விதி பொருந்தாது. அங்கு வீசும் புயலோ குறைந்து வீசுவதில்லை.

ஐம்பதாயிரம் என்னும் வரம்பு

திட்டமிடல் கடன் வழங்குநரின் கைக்கு வந்தது. நிகழ்வை உடனுக்குடன் அறிவிக்கும் கடமையோ எரிசக்தித் துறையிடமே இருந்தது. அத்துறையின் ஓ.இ.-417 எனப்படும் படிவம், 50,000க்கும் மேற்பட்ட இணைப்புகள் ஒரு மணிநேரமோ அதற்கு மேலோ மின்சாரம் இழந்தால் அறிவிக்கவேண்டும் என்கிறது. 300 மெகாவாட் அளவிலான சுமை கட்டுப்பாடின்றி இழக்கப்பட்டாலும் அறிவிக்கவேண்டும். மனிதர் வேண்டுமென்றே விளைத்த சேதத்திற்கு இத்தகைய இணைப்பு எண்ணிக்கை வரம்பு இல்லை.

இந்த எண்களை நாட்டுப்புறத்தில் வைத்துப் பார்ப்போம். நடுத்தரமான ஒரு விநியோகக் கூட்டுறவு 13,000 அளவிலான இணைப்புகளையே கொண்டது. அதன் உறுப்பினர் ஒருவர்கூட விடுபடாமல் அனைவரும் ஒருவாரம் இருளில் கிடந்தாலும், அக்கூட்டுறவைத் தனித்து நோக்குகையில், இணைப்பு எண்ணிக்கையின்படி அது அறிவிக்கத்தக்க நிகழ்வாகாது. துணைமின் நிலையத்தை நோக்கி ஒருவர் வேண்டுமென்றே சுட்டுச் சேதம் விளைத்தால் ஆகும். நகரத்தில் ஒரு மணிநேரத் தடை ஆவணக் காப்பகத்தில் இடம்பெற, ஒரு மாவட்டத்தின் ஒருவார இருள் அங்கு இடம்பெறாமற் போகலாம். 2009 ஜனவரிப் பனிமழையில் கென்டக்கி மாநிலத்தில் 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகள் அறுந்ததுபோன்ற பேரழிவுகள் மறைவதில்லை. மறைபவை சிறியவை, அவையே அடிக்கடி நிகழ்பவை.

அவை முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதற்கும் கடனேடே சான்று. கூட்டுறவுகள் கடன் வழங்குநருக்கு அனுப்பும் ஏழாம் எண் படிவம் வரவு செலவு, கம்பி நீளம், பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்கும் நிதியறிக்கையாகும். அதன் ஒரு சிறு பகுதி, ஓர் உறுப்பினர் சராசரியாக எவ்வளவு நேரம் மின்சாரம் இன்றி இருந்தார் என்பதைக் காரணவாரியாகக் கேட்கிறது: மின்சாரம் விற்றவரின் தடை, பெரும்புயல் போன்ற பெருநிகழ்வு, முன்னறிவித்த தடை, பிற. அவ்வாண்டின் கணக்கோடு ஐந்தாண்டுச் சராசரியும் அருகே நிற்கும். நாட்டுப்புற மின்தடையின் வரலாற்றை எழுத விழைவோர் பாதுகாப்புத் துறைகளின் பதிவேடுகளை விட்டு இந்த நிதிப் படிவங்களிடமே செல்லவேண்டும்.

இந்தியாவை நோக்கி ஒரு பார்வை

இம்முறைமை அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆலோசனையுடன் இந்தியாவில் ஐந்து முன்னோடி ஊரக மின் கூட்டுறவுகள் அமைக்கப்பட்டன. 1969இல் கர்நாடகத்தின் ஹுக்கேரியிலும் 1970இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் சிரிசில்லாவிலும் தோன்றியவை அவற்றுள் அடங்கும். 1969இல் நிறுவப்பட்ட ஊரக மின்மயமாக்கக் கழகமும் கடன் வழங்கும் அமைப்பே. எனவே கடன்வழிக் கண்காணிப்பு என்னும் வடிவம் அங்கும் சென்றது எனலாம்.

அறிவிக்கும் கடமையைப் பொறுத்தவரை இந்திய மரபு வேறு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, மின்விபத்தால் மனிதர் அல்லது விலங்கின் உயிருக்குச் சேதம் நேர்ந்தாலோ காயம் ஏற்பட்டாலோ அறிவிக்கவேண்டும் என்கிறது. அறுந்து விழுந்த கம்பியை மிதித்து இறந்த ஒற்றை மாடும் அங்கு அறிவிக்கத்தக்க நிகழ்வு. முன்னது இணைப்புகளை எண்ணுகிறது. பின்னது உயிர்களை எண்ணுகிறது. எண்ணும் பொருள் வேறானதால் இவற்றை நேராக ஒப்பிட்டு ஒன்றை உயர்ந்ததென்று கூற இயலாது. எனினும் வரம்பு எண் இல்லாத சட்டத்தில் நாட்டுப்புறம் தானாகவே இடம் பெறுகிறது என்பதைக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை.

பணமும் ஆவணமும்

1988ஆம் ஆண்டு ஸ்டாஃபர்ட் சட்டத்தின்கீழ், இலாப நோக்கற்ற மின் கூட்டுறவுகள் பேரிடருக்குப் பின் கூட்டரசு உதவித்தொகை பெறத் தகுதியுடையவை. ஏற்கத்தக்க செலவில் 75 விழுக்காட்டிற்குக் குறையாமல் கூட்டரசு ஏற்கும். பங்குதாரர்க்குரிய தனியார் நிறுவனங்களுக்கு அத்தகுதி இல்லை. வேலை நேரம், ஒப்பந்தம், நட்ட கம்பம் என ஒவ்வொன்றுக்கும் தாள் காட்டவேண்டும். பின்னாளில் ஊரக விதியும் திருத்தப்பட்டு, இவ்வுதவிக்கான தகுதி நிபந்தனைகளை நிறைவேற்றும் வழியும் திட்டத்தில் இடம்பெறவேண்டும் என்று சேர்க்கப்பட்டது. நெருக்கடிக்காலத் திட்டம் இங்கு மீண்டும் ஒரு கணக்காயர் ஆவணமாகிறது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய கடுங்குளிர் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. 16 விநியோகக் கூட்டுறவுகளுக்கு மின்சாரம் வழங்கிவந்த பிராசோஸ் மின் கூட்டுறவு, அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள் நொடிப்பு நிலைக் காப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. வீழ்ந்த கம்பம் அதற்குக் காரணமன்று. சில நாள்களில் பன்மடங்கு ஏறிய சந்தை விலையால், மாநில மின்சந்தை அமைப்பிடமிருந்து வந்த 180 கோடி டாலருக்கும் மேற்பட்ட கட்டணப் பட்டியலே காரணம். கம்பத்தைக் காக்க எழுந்த விதியில் இத்தகைய இடருக்கெனத் தனித்ததொரு பகுதி இல்லை.

ஆய்வாளர் கருதவேண்டிய செய்தி மேலும் ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு விதிப்படி, திட்ட ஏட்டையோ இடர் மதிப்பீட்டையோ தலைநகருக்கு அனுப்பிவைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அவை நிறைவேற்றப்பட்டன என்று கூட்டுறவு தானே எழுத்தில் உறுதியளித்தால் போதும். எந்தத் துணைமின் நிலையம் எளிதில் வீழும் என்பதை விளக்கும் ஏடு பொதுக் காப்பகத்தில் கிடக்கலாகாது என்பது புரிந்துகொள்ளத்தக்கதே. அதனால் நமக்குக் கிட்டுபவை உறுதிமொழிக் கடிதங்களும் ஏழாம் எண் படிவத்தின் அச்சிறு பகுதியும்தான். திட்டங்கள் அந்தந்தக் கூட்டுறவின் அலுவலக அலமாரியில் இருக்கின்றன.