ஆயாக் கொட்டகை முதல் ஐஸ் பெட்டி வரை

வேலைக்காக வெளியூர் போகும் தாய், கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா? இதுதான் இன்றைய கருத்துக்களத்தின் கேள்வி. மற்றவர்கள் பேச, மைக்கை நீட்டுவதுதான் வழக்கமாக என் வேலை. இந்தக் கேள்விக்கு மட்டும் நானே பேச வேண்டியிருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என் மகளுக்கு நான்கு மாதம் நிறைந்த வாரத்தில் மூன்று நாள் ஒளிப்பதிவுக்காகக் கோலாலம்பூர் போனேன். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குவதற்குள் பால் கட்டிக்கொண்டு வலி தாங்க முடியவில்லை. போன இடத்தில் ஒதுக்கமாக ஓர் அறை இல்லை. கழிவறையில் நின்றபடி பாலைப் பீய்ச்சினேன். அதை வைக்கக் குளிர்பெட்டியும் இல்லை. என் மகள் குடிக்க வேண்டிய பாலை வாஷ்பேசினில் ஊற்றினேன். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் அழுதேன். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உங்க பாட்டிக்கு ஆயாக் கொட்டகையாச்சும் இருந்துச்சும்மா. உனக்கு அதுகூட இல்லையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பழைய கதையைத் தேட வைத்தது.

பால்மரக் காட்டில்

என் பாட்டி நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் சீவியவர். விடியும் முன்பே பெரட்டு. போகும் வழியில் கைக்குழந்தையை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். கொட்டகைக்குள் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பார்த்துக்கொள்ளும் ஆயா பெரும்பாலும் மரம் சீவ முடியாத வயதை எட்டிய மூதாட்டி.

மரங்களைச் சீவி முடித்த பிறகு மங்கில் பால் வடிந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா? அந்த இடைவெளியில் தாய்மார்கள் கொட்டகைக்கு ஓடி வருவார்களாம். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, மீண்டும் வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்க ஓடுவார்களாம். நிரை தூரமாக அமைந்துவிட்டால் ஓடி வர வழியில்லை. அன்று அந்தப் பிள்ளைக்கு ஆயா கரைத்துக் கொடுக்கும் டின் பால்தான்.

இந்தக் கொட்டகை யாரோ ஒரு துரையின் இரக்கத்தால் வந்ததல்ல. தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்க வேண்டுமானால் தொழிலாளர் நிலையைச் சீர்படுத்த வேண்டும் என்ற நெருக்கடியை 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் உண்டாக்கியது. அடுத்த ஆண்டே, 1923இல், மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டக் கோவை பேறுகால உதவித்தொகை, தோட்டப் பள்ளிக்கூடம், குழந்தைக் காப்பிடம் ஆகியவற்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பெண்களின் உழைப்பு இல்லாமல் தோட்டம் நடக்காது என்பது முதலாளிகளுக்கும் தெரியும்.

அதற்கு முன்பே, 1919இல், அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் முதல் மாநாடு வாஷிங்டனில் கூடியது. பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் நாளுக்கு இருமுறை அரை மணி நேரம் கொடுக்க வேண்டும் என்று அங்கேயே ஓர் ஒப்பந்தம் நிறைவேறியது. ஆனால் அது ஆலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் மட்டுமே பொருந்தியது. தோட்டங்கள் அதில் சேரவில்லை.

கொட்டகையை நான் சொர்க்கமாகக் காட்டவில்லை. ஒரே ஆயாவிடம் பல குழந்தைகள் இருந்தார்கள். ஈ மொய்க்கும், காய்ச்சல் பரவும். தோட்டப்புறத்தில் பச்சிளம் பிள்ளைகள் இறப்பது அந்நாளில் அன்றாடச் செய்தி. இருந்தாலும் ஓர் உண்மை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. தாய் வேலைக்கு வந்தால் பிள்ளையும் எங்காவது இருந்தாக வேண்டும், அந்த இடத்துக்கு வேலை கொடுப்பவரும் பொறுப்பு என்பதே அது.

டின் பாலுக்கு எதிராக ஒரு குரல்

ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். தாதியர் போல உடுத்திய விற்பனைப் பெண்கள் ஏழைத் தாய்மார்களிடம் இனிப்பூட்டிய டின் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றென்று விற்பதை சிங்கப்பூரில் அவர் பார்த்தார். 1939இல் அங்குள்ள ரோட்டரி சங்கத்தில் பேச அழைத்தார்கள். அவர் தம் உரைக்குக் கொடுத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான உணவால் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்று அந்தக் கனவான்கள் முன்னிலையில் பேசினார்.

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. சாங்கி சிறைமுகாமில் அவரும் அடைக்கப்பட்டார். உணவுப் பஞ்சம் மிகுந்த அந்த முகாமில் பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்துப் பிழைத்ததை அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அரைவயிற்றுக் கஞ்சி குடித்த தாய்க்கும் பால் சுரந்தது. பிள்ளை பக்கத்திலேயே இருந்தது. என்னைப் போன்றவர்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. எங்களுக்கு எதிரியாக நிற்பது தூரம்தான்.

இதில் மந்திரம் எதுவுமில்லை. மார்பு காலியானால் மீண்டும் சுரக்கும். மணிக்கணக்கில் தேங்கி நின்றால், போதும் என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். மூன்று நாள் பயணத்தில் பாலை எடுக்காமல் விட்டால், திரும்பி வரும்போது பிள்ளைக்குப் பால் போதாமல் போவது இதனால்தான். அது தாயின் குற்றமல்ல.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு

1972இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வர்த்தக மண்டலம் திறக்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகளின் வரிசைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய்க் கம்பங்களிலிருந்தும் நம் தோட்டங்களிலிருந்தும் தொழிற்சாலைப் பேருந்து ஏறி வந்தார்கள். கங்காணி போய் சூப்பர்வைசர் வந்தார். பெரட்டு போய் ஷிப்ட் வந்தது. சம்பளமும் கூடியது. ஆனால் ஆயாக் கொட்டகை மட்டும் அந்தப் பேருந்தில் ஏறவில்லை. குழந்தைகள் காப்பகங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1984இல் வந்தது. ஆனாலும் பிள்ளைக்கு இடம் தேடுவது அவரவர் பாடு என்றாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், உலகத் தாய்ப்பால் இயக்கத்தின் தலைவாசலே நம் பினாங்குதான். பயனீட்டாளர் இயக்கத்தில் பழுத்த நம் அன்வார் ஃபாசல், 1979இல் ஐப்ஃபான் என்ற அனைத்துலகக் குழந்தை உணவு நடவடிக்கை வலையமைப்பு உருவானபோது முன்னின்றவர்களில் ஒருவர். 1981இல் உலகச் சுகாதாரப் பேரவை பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. மலேசியாவோ தனக்கென ஒரு நெறிமுறையை 1979லேயே வகுத்திருந்தது.

1991 பிப்ரவரி 14ஆம் நாள் தோன்றிய வாபா என்னும் உலகத் தாய்ப்பால் நடவடிக்கைக் கூட்டணியின் செயலகம் பினாங்கிலேயே அமைந்தது. ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகம் கொண்டாடும் தாய்ப்பால் வாரத்தை 1992இல் தொடங்கி வைத்தது வாபாதான். மறு ஆண்டே, 1993இல், அது எடுத்துக்கொண்ட பொருள் தாய்க்கு இணக்கமான வேலையிடம். 2015இலும் 2023இலும் வேலைக்குப் போகும் பெற்றோரைப் பற்றியே மறுபடி பேசியது. வேலை செய்யும் தாய்க்கு நேரம், இடம், ஆதரவு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது அதன் கோரிக்கை. என் பாட்டிக்கு இம்மூன்றில் ஒன்றரையாவது இருந்தது. எனக்கு?

82 நாள் கணக்கு

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது 2001 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 180 நாள். நம் நாட்டு வேலைச் சட்டம் 2022 வரை தனியார் துறைப் பெண்களுக்கு 60 நாள் பேறுகால விடுப்புதான் கொடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள் ஆனது. வரவேற்போம். ஆனால் கழித்துப் பாருங்கள், மீதம் 82 நாள். பேற்றுக்கு முன்பே விடுப்பு எடுத்தவருக்கு இடைவெளி இன்னும் பெரியது. பாலூட்டவோ பால் எடுக்கவோ வேலை நேரத்தில் இடைவேளை தர வேண்டும் என்ற விதி அந்தச் சட்டத்தில் இல்லை. அந்த 82 நாளில் வெளியூர் வேலை வந்தால் தாய் என்ன செய்வாள்?

நான் செய்ததைச் சொல்கிறேன். அடுத்த பயணத்துக்கு அட்டவணை போடும்போதே மூன்று பொருள் கேட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, குளிர்பெட்டியில் ஒரு தட்டு. கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. கேட்ட பிறகுதான் தெரிந்தது, அங்கே யாருக்கும் இது தோன்றியதே இல்லை என்று. ஒப்பனை அறையைத் திறந்து கொடுத்தார்கள்.

பீய்ச்சிய பால் சுத்தமான மூடிய பாத்திரத்தில், 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் தாங்கும். குளிர்பெட்டியில் 4 நாள், உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த பெட்டியில் 24 மணி நேரம். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, தேதி எழுதி ஒட்டி, கடைசி நாள் பாலை ஐஸ் பெட்டியில் அடுக்கி ரயிலேறினேன். வீட்டில் அம்மா அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, எனக்குப் புகட்டிய அதே வெள்ளிப் பாலாடையில் பேத்திக்குப் புகட்டினார்.

பால் கொடுக்க முடியாமல் போன தாய்மார்கள் இதைக் கேட்டுக் குன்றிப் போக வேண்டாம். நான் கேள்வி கேட்பது உங்களை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் பால்மரக் காட்டில் ஒரு கொட்டகை போட முடிந்தது. இன்று குளிர்சாதன வசதியுள்ள கட்டடத்தில் ஓர் அறையும் 20 நிமிடமும் ஏன் கிடைக்கக் கூடாது? இதைக் கேட்க வேண்டியவர்கள் தாய்மார்கள் மட்டுமல்ல. அவர்களோடு வேலை செய்யும் அண்ணன் தம்பிமார்களும்தான்.