மதுத்தொழிலில் அடைப்புப் பொருட் கணக்கு

பீர் முதலிய மதுவகைகளை அடைத்து விற்பதற்கு இன்றியமையாத புட்டி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி ஆகியவற்றின் வரவு, செலவு, இருப்பு, சேதம் என்பவற்றைக் கணினி மென்பொருளின் வாயிலாக இடையறாது பதிந்துவரும் முறை. 650 மில்லி லிட்டர் புட்டிகள் 12 கொண்ட பெட்டியொன்று நிறைந்ததும், 12 புட்டி, 12 மூடி, 12 லேபிள், ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை இருப்பினின்று தாமே கழிக்கப்பெறும். உடைந்த புட்டியும் கிழிந்த லேபிளும் சேத இனத்தில் தனியே ஏறும். கிடங்கில் எண்ணிய தொகையும் கணக்குத் தொகையும் மாறுபடின், காரணத்தை ஆராய்ந்து நேர்செய்தல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 1983-இல் நிறுவப்பெற்று, 2003 முதல் சில்லறை விற்பனையையும் மேற்கொண்ட அரசு மதுவிற்பனை நிறுவனமாகிய டாஸ்மாக், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2022-இல் நீலகிரி மாவட்டத்தில் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும் புட்டி திரும்பியதும் அத்தொகையைத் திருப்பியளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதனால் புட்டியின் கணக்கு விற்பனையோடு முடியாமல் மீட்புவரை நீண்டது.

இதற்கு மாறாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைப்பகுதியில் காய்ச்சப்பெறும் கள்ளச்சாராயம் இத்தகைய எக்கணக்கிலும் அடங்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரம் முதலிய இடங்களில் அறுபதுக்கு மேற்பட்டோரின் பிராணனைக் கவர்ந்த, மெத்தனால் கலந்த சாராயம், பெயரோ தயாரிப்புத் தொகுதி எண்ணோ இல்லாத பாக்கெட்டுகளில் விற்கப்பட்டது. லேபிளும் தொகுதி எண்ணும் தாங்கிய புட்டியில் தோஷம் காணின், அதே தொகுதியின் ஏனைய புட்டிகளைக் கடைதோறும் அடையாளங்கண்டு விற்பனையை நிறுத்தலாம். கருணாபுரத்தில் அதற்கு மார்க்கமே இருக்கவில்லை. ஆதலின் புட்டியையும் லேபிளையும் தொடர்ந்து பதிந்துவரும் இக்கணக்கு, வியாபார லாபத்துக்கும் மேலாக, ஜனரட்சணைக்குரிய சாதனமாகக் கருதத்தக்கது.