எம்.எம்.ஆர். தடுப்பூசி அச்சம்

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்று நோய்களுக்கும் சேர்த்துப் போடப்படும் எம்.எம்.ஆர். தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்ற ஆதாரமற்ற கருத்து, செய்தி ஊடகங்கள் வழியே பிரித்தானியப் பெற்றோரிடையே வேரூன்றிய நிகழ்வு இப்பெயரால் குறிக்கப்படுகிறது. 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 12 குழந்தைகளை மட்டும் ஆராய்ந்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்றே கூறியது. எனினும், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், மூன்றையும் தனித்தனி ஊசிகளாகப் போடுவதே நல்லது என்று வேக்ஃபீல்டு சொன்னதுதான் செய்தியாயிற்று.

அத்தகைய தொடர்பு இல்லை என்று அரசு மறுத்தது; அம்மறுப்பைப் பெற்றோர் ஐயுற்றதற்கு முன்கதை உண்டு. மாடுகளின் மூளையைச் சிதைக்கும் ‘மேட் கவ்’ நோய் பரவிய 1990இல், மாட்டிறைச்சியால் ஆபத்தில்லை என்று காட்ட, வேளாண் அமைச்சர் ஜான் கம்மர் கேமராக்களின் முன்னே தம் நான்கு வயது மகளுக்குப் பர்கர் ஊட்ட முயன்றார். 1996இலோ, அந்நோய் மனிதரையும் தொற்றியிருக்கக்கூடும் என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஆகவே, 2001 இறுதியில், தம் மகன் லியோவுக்கு எம்.எம்.ஆர். போடப்பட்டதா என்ற கேள்விக்குப் பிரதமர் டோனி பிளேர் விடையளிக்க மறுத்தபோது, அந்த மௌனம் அச்சத்தை மேலும் வளர்த்தது.

இருதரப்புக்கும் சம இடம் தரவேண்டும் என்னும் இதழியல் மரபே இங்குப் பெருங்கேடு விளைத்தது. டென்மார்க்கில் 5,37,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு எந்தத் தொடர்பையும் காணவில்லை. ஆயினும் இரு தரப்பும் செய்திகளில் ஒரே எடையோடு தோன்றியதால், சான்றுகளும் இருபக்கமும் சமமாகவே உள்ளன என்று மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருதியதைக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. இங்கிலாந்தில் 92 விழுக்காடாக இருந்த தடுப்பூசி வீதம் 2003–04இல் 80 விழுக்காடாகச் சரிந்தது.

அந்த அச்சத்தின் அடித்தளத்தைத் தகர்த்தவரும் ஒரு செய்தியாளரே என்பது மறக்கத்தக்கதன்று. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர்களிடம் வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்ததை, ‘சண்டே டைம்ஸ்’ வார ஏட்டில் பிரையன் டீர் 2004இல் வெளிப்படுத்தினார். 2010இல் ‘லான்செட்’ கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

இதற்குள் ஊசி போடப்படாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டிருந்தது. வேல்ஸின் சுவான்சி வட்டாரத்தில், ‘சவுத் வேல்ஸ் ஈவ்னிங் போஸ்ட்’ நாளிதழ் 1997 முதலே பெற்றோரின் அச்சங்களைத் தொடர்ந்து வெளியிட்டு வந்தது. அதன் விற்பனைப் பகுதியில் தடுப்பூசி வீதம் 13.6 விழுக்காடு குறைய, வேல்ஸின் பிற பகுதிகளில் அக்குறைவு 2.4 விழுக்காடாகவே இருந்தது என 2000இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அதே வட்டாரத்தில் 2012 இறுதியில் தொடங்கிய தட்டம்மை 1,200 பேருக்கு மேல் பரவி, ஓர் இளைஞரின் உயிரையும் பறித்தது. குழந்தைப் பருவத்தில் ஊசி மறுக்கப்பட்டவர்கள், பதின்வயதினராக, 2013 ஏப்ரலில் சுவான்சி மருத்துவமனைகளின் சிறப்பு முகாம்களில் அதே எம்.எம்.ஆர். ஊசிக்காக வரிசையில் நின்றனர்.