சேம அச்சு

கேரவன் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நடிகரின் வண்டிதான் நினைவுக்கு வரும். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிட்டது. கொரோனா அடங்காத 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை ஒன்றை அறிவித்தது. அடுத்த ஆண்டே, தேனி மாவட்டத்தை ஒட்டிய இடுக்கியில், வாகமண்ணில் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. இதன் பின்னாலுள்ள வாதம் எளிது. நோய்க்காலத்தில் வெளிநாடு போக வேண்டாம். பிறர் படுத்த படுக்கையில் படுக்க வேண்டாம். மழை பிடித்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். வெயில் தாங்கவில்லையென்றால் வண்டியை வேறு ஊருக்கு ஓட்டிவிடலாம். வீடு கூடவே வருகிறவரை வானமும் காலமும் என்ன செய்துவிடும்? கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதத்தை மலையின் இந்தப் பக்கம், தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தின் வழியில், மாட்டு வண்டிக் காலத்திலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அந்தச் சோதனை காட்டுவது இதுதான்: கூடவே வரும் வீடு நிச்சயமின்மையைக் கரைத்துவிடுவதில்லை; வழியில் இருப்பவர்களின் தோளுக்கு அதை மாற்றிவிடுகிறது.

கூட்டமாக வண்டி கட்டிப் போவதற்குத் தமிழில் ‘சாத்து’ என்று ஒரு பழைய சொல் உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரிலேயே அது இருக்கிறது. அந்தச் சாத்து வீட்டு மருமகள் வையைக் கரையோடு கால்நடையாகப் போய் மலையேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அவளுக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் மேல்விளிம்பிலுள்ள மங்கலதேவி கோயிலில் இன்றும் சித்திரைப் பௌர்ணமியன்று வழிபாடு நடக்கிறது. வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் அவளுக்கும் முந்தியவர்கள். உப்பு விற்ற உமணர்கள் மனைவி மக்களோடு வண்டிகளில் ஊர் ஊராகப் போனதைச் சங்கப் பாடல்கள் பல சொல்கின்றன. சிறுபாணாற்றுப்படையில் அவர்கள் பிள்ளைகளோடு வளர்ப்புக் குரங்கும் விளையாடுகிறது. அவர்களுக்கு வழியின்மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியை இந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். நெருக்கடியில் கைகொடுக்கும் மாற்று, மரக்கட்டையாக மட்டுமின்றி மனிதராகவும் இருக்கலாம் என்பது அந்த உவமையிலேயே அடங்கியிருக்கிறது. பெரியகுளத்தின் பழைய வழியைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான திறவுகோல் கிடைப்பது அரிது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரையில் பணி தொடங்கினார்கள். காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களை விடவில்லை. ஓய்வுக்காகச் சொந்த நாடு போவதென்றால் சூயஸ் கால்வாய் இல்லாத அந்தக் காலத்தில் பல மாதக் கப்பல் பயணம். நோயாளி அந்தப் பயணத்தைத் தாங்குவாரா என்பதே கேள்வி. ஆகவே மாவட்டத்துக்குள்ளேயே ஓர் ஒதுங்கிடம் தேடினார்கள். முதலில் சிறுமலை போனார்கள். அங்கேயும் காய்ச்சல் வந்தது. பழனி மலைகளை 1821-இல் வார்டு என்ற ராணுவ அதிகாரி அளந்து குறிப்பெழுதி வைத்திருந்தார். அந்த மலை உச்சியில் 1845-இல் இரண்டு வீடுகள் எழும்பின. கொடைக்கானல் அப்படித்தான் பிறந்தது. ஏரியும் படகும் பிறகு வந்தவை. லெவிஞ்ச் ஏரியை உண்டாக்கியதே 1863-இல்தான். தொடக்கத்தில் அது இன்பச் சுற்றுலாத்தலமாக நினைக்கப்படவே இல்லை. பயணம் நிச்சயமில்லாத காலத்தில், வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சியவர்கள் உள்நாட்டிலேயே கண்டுபிடித்த விடுமுறை அது. 2020-இல் விமானம் நின்றபோது நடுத்தர வர்க்கம் போட்ட கணக்கை அவர்கள் அப்போதே போட்டிருக்கிறார்கள்.

அந்த விடுமுறைக்குப் போகும் வழியில்தான் வண்டி வருகிறது. திருச்சி–மதுரை ரயில் பாதை 1875-இல் திறந்தபின், அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். பிற்காலத்தில் கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாறிய நிலையம் அது. அங்கிருந்து முப்பது மைலுக்கு மேல் மாட்டு வண்டி. கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை போட்டு, சாப்பாடும் தண்ணீரும் உடைமைகளும் ஏற்றிக்கொண்டு, வெயிலுக்குத் தப்ப இரவில் பயணம். விடியும்போது பெரியகுளம் வட்டாரத்தில், மலையடிவாரத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் வந்து நிற்பார்கள். வண்டி அதற்குமேல் போகாது. மேலே ஏறத்தாழ 12 மைலுக்கு ஒற்றையடிப் பாதை. போவது மட்டக்குதிரையில், டோலியில், நாற்காலியைக் கம்பில் கட்டித் தூக்கும் ஆட்களின் தோளில். ஆங்கிலேயர்கள் அந்தப் பாதைக்கு வைத்த பெயர் ‘கூலி காட்’, அதாவது கூலிகளின் மலைவழி. மலைமேல் செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரி 1895-இல் எழுந்தது. சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் தொடங்கப்பட்டது. வண்டிச்சாலை இல்லாத மலையில் அவற்றுக்கான கனத்த பொருள்கள் தலைச்சுமையாகவும் தோள்சுமையாகவும்தான் ஏறியிருக்க முடியும். மலைமேல் எத்தனை பங்களாக்கள் இருந்தன என்று எண்ணிச் சொல்கிற வரலாறு, அவற்றின் நாற்காலியும் மெத்தையும் எப்படி அங்கே போயின என்ற கேள்வியை வேகமாகக் கடந்துவிடுகிறது.

இரவுப் பயணம் என்ற அந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பயணிக்கு அது வெயிலிலிருந்து பாதுகாப்பு. ஆனால் கொசு கடிக்கும் நேரமும் இரவுதான். மலேரியாவைக் கடத்துவது கொசு என்று ரொனால்ட் ராஸ் 1897-இல் காட்டும்வரை, அடிவாரத்துக் காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே நம்பினார்கள். கூண்டுக்குள் இருந்தவர் ஆண்டுக்கு ஓரிரு இரவுகள் அந்த வழியைக் கடந்தார். நுகத்தடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வண்டிக்காரரும் தோப்பில் காத்துக் கிடந்த சுமைகாரர்களும் பருவம் முழுவதும் அங்கேதான் இருந்தார்கள். கோடை இடிமழையில் பாதை வழுக்கினாலும், ஓடையில் தண்ணீர் புரண்டு வந்தாலும், ஏறுவதா நிற்பதா என்று முடிவு சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். முடிவு தவறினால் முதலில் சறுக்குவது அவர்கள் கால். பயணி மெத்தையையும் சாப்பாட்டையும் கூடவே கொண்டுவந்தார். சேம அச்சை மட்டும் கொண்டுவரவில்லை. பெரியகுளமே அவருக்குச் சேம அச்சாக இருந்தது.

அவர்களுக்குத்தான் கூலி கொடுத்தார்களே, அது பிழைப்பில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மழை பொய்த்தால் வயல் வேலை இல்லாத கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமியில், 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறைக்கு, கையில் காசாகக் கிடைக்கும் கூலி சிறிய விஷயமில்லை. வண்டிக்காரரை வெறும் பலியாளாகக் காட்டுவது அவர் தொழில்திறமைக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. இருந்தாலும் கூலி, செய்த வேலைக்குத்தான் கொடுக்கப்பட்டது. தாங்கிய அபாயத்துக்கு இல்லை. அது தெரிந்தது சாலை வந்தபோது. மேஜர் லா 1870-களில் தொடங்கி அரைகுறையாக நின்ற மலைச்சாலை 1914-இல் முடிந்து, 1916-இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது. அதன்பின் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் நேரே மேலே போயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டு மலையைத் தாங்கிய பாதையும் தோப்பும் பயணிகளின் நினைவிலிருந்தே கழன்றன. வண்டி ஓடும்வரை சேம அச்சை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; புது வண்டி வாங்கியபின் அது விறகு.

இதே கோடையில், இதே வட்டாரத்தில், இன்னொரு சாத்தும் புறப்பட்டது. முல்லையாற்றங்கரை வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்குச் சித்திரைத் திருவிழா. பஸ் பெருகுமுன் ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வண்டிக்கு அடியில் தொட்டில், பக்கத்தில் மூன்று கல் அடுப்பு, அவிழ்த்த மாடுகளுக்கு ஆற்றுத் தண்ணீர். தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் நேர்த்திக்கடன். இது பக்தி, இதை விடுமுறையோடு சேர்க்கலாமா என்று தோன்றலாம். ஆனால் விடுமுறை என்ற சொல்லே பள்ளிக்கூடமும் அலுவலகமும் வந்தபின் பரவியது. அதற்குமுன் உழவர் குடும்பம் வேலையை விட்டு வெளியே போய்த் தங்கிச் சிரித்த நாள்கள் திருவிழா நாள்களே. ராட்டினமும் வளையல் கடையும் கோயிலுக்கு வெளியே நிற்பதில்லை, திருவிழாவுக்கு உள்ளேயே நிற்கின்றன. அம்மை போடும் பருவத்தில் ஒரு கூட்டம் மலைக்கு ஓடியது. மற்றொரு கூட்டம் அம்மைக்குரிய தெய்வத்தின் வாசலுக்கே போய் உட்கார்ந்தது. கூட்டத்தோடு நோயும் பயணம் செய்தது என்ற உண்மையை மறைக்க வேண்டியதில்லை. திருவிழாக்களில் காலரா பரவியதை அரசும் அஞ்சியே பார்த்தது. ஆனால் அபாயத்தைப் பங்கிட்ட முறையில் ஒரு வேறுபாடு உண்டு. வீரபாண்டி போன வண்டியில் வண்டிக்காரரும் பயணியும் ஒரே குடும்பம். மாட்டுக்குக் கால் சுளுக்கினால் எல்லாருமே இறங்கி நடந்தார்கள்.

இன்றைய கேரவன் இந்தக் கணக்குக்குள் வராது, அதில் தண்ணீர்த் தொட்டியும் கழிவறையும் மின்சாரமும் உண்டே என்பது கடைசி மறுப்பு. தொட்டி நிறைய வேண்டும், கழிவு இறங்க வேண்டும், வண்டி நிற்க இடம் வேண்டும். மூன்றையும் தருவது ஏதோ ஓர் ஊர். வானிலையோ அன்றைவிட இன்று அடங்கியதாகத் தெரியவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறிகள் இருபது பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் சாலைகளில் மரங்களைச் சாய்த்தது. கும்பக்கரையில் வெள்ளம் வந்தால் அருவிக்குத் தடை. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக மலையேற இப்போது சாலை உண்டு. மண் சரிந்தால் அது அடைபடுகிறது. 2020-இல் நோய்க்காக வந்த இ-பாஸ், 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலில் கூட்டத்துக்காகத் திரும்பி வந்தது. இத்தனை தடைகளிலும் வண்டி வந்து நிற்கும் இடம் அடிவாரம்தான். அங்கே மரத்தை வெட்டி அகற்றுகிறவர், தண்ணீர் தருகிறவர், மேலே போகாதே என்று கைகாட்டுகிறவர் எவருடைய சம்பளமும் சுற்றுலாக் கொள்கையின் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை.

ஆகவே நகரும் வீடே வேண்டாம் என்பதல்ல முடிவு. உமணர்கள் காலந்தொட்டு மனிதர்கள் அப்படிப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் உமணர்கள் தங்கள் சேம அச்சைத் தாங்களே சுமந்தார்கள். கேரவன் பூங்கா ஒன்று நாளை பெரியகுளத்து மாந்தோப்புகளுக்கு நடுவே வருமானால், முதலில் கேட்க வேண்டியது அதில் எத்தனை வண்டி நிற்கும் என்பதை அல்ல. மழை அடித்த இரவில் அந்த வண்டிகளைத் தாங்கப்போகிற அச்சு யார், வெயில் அடிக்கும் நாளிலும் அவருக்குப் பங்கு உண்டா என்பதை.