நமக்குப் பிடித்த வசனங்களுக்கு எந்த ஊர்?

வெளிமாநிலத்தில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் கூடினால், சாப்பாடு முடிந்ததும் பேச்சு ரெண்டு இடத்தில்தான் போய் நிற்கும். ஒன்று சினிமா. இன்னொன்று, 'நம்ம பசங்களுக்குத் தமிழே வரலையே' என்கிற புலம்பல். புனேயில் நான் இருக்கும் இத்தனை வருஷத்தில் இந்த ரெண்டும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்ததாக நினைவில்லை. இந்த ரெண்டுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பது என் கட்சி.

பிடித்த சீன் எது என்று கேட்டுப் பாருங்கள். அப்பா வயசுக்காரர்கள் பராசக்தி கோர்ட் சீன் என்பார்கள். அவர்களுக்கு அடுத்த செட் திருவிளையாடல் தருமி. எங்கள் செட்டுக்கு முள்ளும் மலரும் காளி, நாயகன் வேலு நாயக்கர். எந்த செட்டாக இருந்தாலும், அந்த வசனத்தை நம் மண்ணிலேயே முளைத்த தமிழ், தாய்ப்பாலோடு வந்த தமிழ் என்று நினைத்துக்கொண்டுதான் சொல்லிக் காட்டுவோம். சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

முதலிலிருந்தே வருவோம். திரையில் தமிழ் முதன்முதலில் பேசியது 1931-ல், காளிதாஸ் படத்தில். அக்டோபர் 31-ஆம் தேதி ரிலீஸ். எடுத்த இடம் மெட்ராஸ் இல்லை, பம்பாய். அதே வருஷம் ஆலம் ஆரா எடுத்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனிதான் இதையும் எடுத்தது. டைரக்டர் எச்.எம். ரெட்டி தெலுங்குக்காரர். கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, இன்னொருவர் இந்தியில் பேச, படம் அப்படியே ஓடியது. இன்றைக்கு நம் அபார்ட்மெண்ட் லிஃப்டில் நடக்கிற சம்பாஷணை மாதிரிதான். அந்த இந்திக்காரர் வேடத்தில் இருந்தவர் பெயர் எல்.வி. பிரசாத். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

1934 வரை சென்னையில் பேசும் படம் எடுக்க ஸ்டூடியோவே கிடையாது. நடிகர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலேறி பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய், அங்கே தமிழ் பேசிவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்த வகையில் பிழைப்புக்கு வெளியூர் போன முதல் கூட்டத்தில் தமிழ் சினிமாவும் ஒன்று.

அந்தக் காலப் படங்களில் பாட்டுதான் பிரதானம், ரெண்டு பாட்டுக்கு நடுவில் கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். வசனத்துக்கென்று ஒரு மவுசு வந்தது இளங்கோவனால். மணிக்கொடி எழுத்தாளர்களோடு பழக்கம் உள்ளவர். 1937-ல் வந்த அம்பிகாபதிக்கு அவர் எழுதிய வசனத்தை ஜனங்கள் தனியாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் படத்தை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாது. ரோமியோ ஜூலியட் பாணியில் ஒரு காதல் காட்சி வேண்டும் என்று டங்கன் கேட்க, இளங்கோவன் அதைத் தமிழாக்கிக் கொடுத்தார்.

இளங்கோவனுடைய இன்னொரு பெரிய படம் 1942-ல் வந்த கண்ணகி. பாண்டியன் சபையில் சிலம்போடு நின்று நீதி கேட்கும் கண்ணகி பி. கண்ணாம்பா. தெலுங்கு நாடக மேடையிலிருந்து வந்தவர், தாய்மொழி தெலுங்கு. தமிழின் ஆதி கோபத்தைத் திரையில் பேசிக் காட்டியவர் தமிழைக் காதால் கேட்டுப் பாடம் பண்ணியவர்! எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், புலம்பல் பாதி அடங்கிவிடும்.

அடுத்து பராசக்தி, 1952 தீபாவளி. கலைஞர் கருணாநிதி வசனம், கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன், சிவாஜிக்கு முதல் படம். கோர்ட் சீனை நாம் எல்லோரும் நூறு தடவை பார்த்திருப்போம். ஆனால் கூண்டில் நிற்கும் குணசேகரன் யார் என்பதைக் கவனிக்கிறோமா? ரங்கூனில் வளர்ந்தவன். யுத்த காலத்தில் தங்கச்சி கல்யாணத்துக்காக ஊருக்குக் கப்பலேறி வருகிறவன். வந்து இறங்கிய கையோடு மெட்ராஸில் பணத்தைப் பறிகொடுக்கிறான். கனவில் இருந்த ஊர் வேறு, கண்ணில் படுகிற ஊர் வேறு. வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் அந்தக் கோபம் அத்தனை சூடாக வரும். தமிழ்நாட்டைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட அந்த வசனம் ஒரு என்.ஆர்.ஐ.யின் வசனம்தான், அந்தக் காலத்தில் அந்தப் பெயர் இல்லை, அவ்வளவே. இன்னொரு வேடிக்கை: இந்தப் படத்துக்காக சிவாஜி கேமரா முன்னால் முதன்முதலில் சொன்ன வார்த்தை 'சக்சஸ்' என்பார்கள். அந்த இடத்தில் ஏ.வி.எம். ஸ்டூடியோவில் ஒரு நினைவுச் சின்னமே வைத்தார்கள்.

ரெண்டு வருஷம் கழித்து மனோகரா. கலைஞர் வசனம், சங்கிலியில் கட்டுண்ட சிவாஜி, பொறுத்தது போதும் என்று மகனை ஏவிவிடும் தாயாக அதே கண்ணாம்பா. டைரக்டர் யார்? காளிதாஸில் இந்தி பேசிய அதே எல்.வி. பிரசாத். 1931-ல் தமிழ் பேசாமல் தமிழ்ப் படத்தில் நின்றவர், 1954-ல் தமிழ் வசனத்தின் உச்சத்தையே டைரக்ட் செய்கிறார். நடுவில் 23 வருஷம். கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆகலாம், தப்பில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் வெளியாட்கள் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. கலைஞரும் அண்ணாவும் ஏ.பி. நாகராஜனும் எழுதாமல் கண்ணாம்பாவும் பிரசாத்தும் என்ன செய்திருக்க முடியும்? அந்தத் தமிழ் யார் வாயில் உட்கார்ந்தது, எப்படி உட்கார்ந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். பிறப்பால் உட்காரவில்லை, பயிற்சியால் உட்கார்ந்தது.

கேட்டவர்களுக்கும் அப்படித்தான். படம் ஓடி முடிந்ததும் வசனம் வேறு வழியில் வீட்டுக்கு வந்தது. கதை வசனப் புத்தகம் விற்றது. ரேடியோவில் ஒலிச்சித்திரம் போட்டார்கள், ஒரு முழுப் படத்தையும் காதாலேயே பார்த்தது ஒரு தலைமுறை. 1965-ல் வந்த திருவிளையாடலின் வசன ரெக்கார்டு கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஸ்பீக்கரில் அலறியது. 1984-ல் விதி. ஆரூர்தாஸ் எழுதிய கோர்ட் வசனத்தை கேசட்டில் வாங்கி, டீக்கடை டீக்கடையாகப் போட்டுக் கேட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பேர் அடுக்குமொழியை மூச்சு விடாமல் ஒப்பித்தது இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாமலே நல்ல தமிழ் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

திருவிளையாடல் என்றதும் தருமி வந்துவிடுவார். சிவாஜி, சாவித்திரி, நக்கீரராக ஏ.பி. நாகராஜன் எல்லோரும் இருக்கிற படத்தில், கோயிலில் தனியாக நின்று புலம்பும் ஒரு ஏழைப் புலவர் அத்தனை பேரையும் ஓரம் கட்டுகிறார். ஆயிரம் பொன் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன மனுஷனின் வயிற்றெரிச்சல், ஒரு மூச்சில் அழுகை, அடுத்த மூச்சில் கோபம். நாகேஷின் வீட்டு மொழி கன்னடம். தாராபுரத்தில் வளர்ந்து, சென்னையில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்துகொண்டு நாடகம் போட்டவர். தமிழ்ப் புலவன் என்றதும் இன்றும் நம் மனசில் வருகிற முகம் அவருடையது.

எழுபதுகளின் கடைசியில் காற்று திசை மாறியது. 1977-ல் பாரதிராஜாவின் 16 வயதினிலே. அடுக்குமொழி போய், கிராமத்துப் பேச்சு அப்படியே திரைக்கு வந்தது. சப்பாணி, மயில், பரட்டை மூன்று பேருக்கும் மூன்று விதமான பேச்சு. மண்வாசனை என்ற வார்த்தையே அதற்குப் பிறகுதான் சினிமாக்காரர்கள் வாயில் புழங்கியது. அந்த மண் எது தெரியுமா? கர்நாடகாவில் மைசூர், கொள்ளேகால் பக்கம் எடுத்தார்கள்.

மறு வருஷம் முள்ளும் மலரும். டைரக்டர் மகேந்திரன், அதற்கு நாலு வருஷம் முன்னால்தான் சிவாஜிக்காகத் தங்கப்பதக்கத்தின் கதை வசனம் எழுதியவர். கனல் பறக்கும் வசனம் அவருக்குக் கை வந்த கலை. அந்த மனுஷர் தன் சொந்தப் படத்தில் வசனத்தை வெட்டி எறிந்தார். வசனமே இல்லையே என்று தயாரிப்பாளர் பதறிப்போனதை மகேந்திரனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

என்னைக் கேட்டால், எனக்கு எல்லாக் காலத்துக்கும் பிடித்த சீன் அதன் கடைசிக் காட்சிதான். விஞ்ச் ஆபரேட்டர் காளிக்கு ஒரு கை போய்விட்டது. தங்கச்சி வள்ளி, அண்ணனுக்குப் பிடிக்காத இன்ஜினீயரைக் கல்யாணம் செய்துகொள்ள ஊர்க்காரர்களோடு போய்க்கொண்டிருக்கிறாள். பாதி வழியில் திரும்பி ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். காளிக்கு அது போதும். தானே அவளைக் கூட்டிப்போய் ஒப்படைக்கிறான். ஒப்படைக்கும்போதும், இப்பவும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று மாப்பிள்ளை முகத்துக்கு நேரே சொல்கிறான். பராசக்தியில் பக்கம் பக்கமாகச் சொன்ன தங்கச்சிப் பாசம் இங்கே ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அதைச் சொன்னவர் பெங்களூரிலிருந்து வந்த, வீட்டில் மராட்டி பேசுகிற சிவாஜி ராவ் கெய்க்வாட். தமிழ் கற்றுக்கொள் என்று பாலசந்தர் சொன்ன பிறகு உட்கார்ந்து கற்றவர். இங்கே புனேயில் என் பக்கத்து வீட்டு மராட்டிக்காரர் ரஜினியை 'எங்க ஆள்' என்பார். நானும் 'எங்க ஆள்' என்பேன். ரெண்டும் சரிதான்.

அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு பாலுமகேந்திரா. மட்டக்களப்புக்காரர், இலங்கைத் தமிழர். ஒளிப்பதிவு படித்தது புனே திரைப்படக் கல்லூரியில். முதலில் மலையாளத்தில் கேமரா பிடித்து, கன்னடத்தில் கோகிலா டைரக்ட் செய்து, பிறகுதான் தமிழுக்கு வந்தார். லா காலேஜ் ரோடில் அந்தக் கல்லூரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். 1982-ல் அவர் எடுத்த மூன்றாம் பிறையின் கடைசிக் காட்சியை யாருக்காவது விளக்க வேண்டுமா? கேத்தி ரயில்வே ஸ்டேஷன், மழை, சேறு, தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு வித்தை காட்டும் கமல், ஜன்னலில் அடையாளம் தெரியாமல் பார்க்கும் ஸ்ரீதேவி. இந்தியில் சத்மா என்று 1983-ல் வந்ததால் வடக்கத்தி நண்பர்களுக்கும் அந்த சீன் மனப்பாடம்.

கடைசியாக நாயகன், 1987. தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு ஓடிவந்த பையனின் கதை. பாலகுமாரன் வசனம். பேரன் தாத்தாவிடம், நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று கேட்கிறான். தெரியவில்லை என்கிறார் அவர். அவ்வளவு பெரிய வாழ்க்கைக்கு அவ்வளவு சின்ன பதில். அந்தத் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி போட்ட செட். அதற்கு தேசிய விருதும் கிடைத்தது. 1931-ல் மெட்ராஸ் ஜனங்களுக்காக பம்பாயில் தமிழ் பேசினார்கள். 1987-ல் தமிழ் பேசுவதற்காக மெட்ராஸிலேயே ஒரு பம்பாயைக் கட்டினார்கள்.

இப்போது புலம்பலுக்கு வருவோம். பாட்டி போனில் 'பிள்ளைக்குத் தமிழ் வாயில நுழையலையேடா' என்று வருத்தப்படும்போது நமக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. ஊர் விட்டு வந்தால் மொழி போய்விடும் என்று முடிவே கட்டிவிடுகிறோம். மேலே சொன்ன கணக்கு அப்படிச் சொல்லவில்லை. தெலுங்கு வீடு, கன்னட வீடு, மராட்டி வீடு எல்லாவற்றிலிருந்தும் வந்து, காதால் கேட்டு, வாயால் பழகி, நமக்கே தமிழ் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டு வாண்டு என்ன குறைச்சல்?

ஆனால் டிவியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கினால் காரியம் நடக்காது. கண்ணாம்பாவுக்கு மேடையும் எதிர்வசனம் பேச ஆளும் இருந்தார்கள். ரஜினியைச் சுற்றி ஒரு மெட்ராஸே இருந்தது. நம் பிள்ளைகளைச் சுற்றி இருப்பது நாம் மட்டும்தான். அதனால் எங்கள் வீட்டில் தங்கமணியும் நானும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வாரம் ஒரு சீன், பத்து நிமிஷம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ அர்த்தம் சொல்வதில்லை. அவள் தருமியாகப் புலம்பினால் நான் சிவனாக பதில் சொல்ல வேண்டும், என் முறை வந்தால் நான் தருமி. அவளுக்கு 'ழ' இன்னும் 'ல' ஆகத்தான் வருகிறது. திருத்துவதை நிறுத்திவிட்டேன். திருத்தினால் பேச்சு நின்றுவிடுகிறது.

போன வாரம் காய்கறி வாங்கப் போன இடத்தில், தேங்காய் விலையைக் கேட்டதும் தருமி குரலில் ஏதோ முனகினாள். எந்தப் படத்திலும் இல்லாத வரி, அவளே கட்டியது.