நிதிக் கணிதம்

பணத்தின் மதிப்பைக் காலத்தோடு சேர்த்து எண்ணும் கணிதப் பிரிவு நிதிக் கணிதம். கடன் தவணை, சேமிப்பின் முதிர்வுத் தொகை, இயந்திரத்தின் தேய்மானம் ஆகியவை பாடநூலில் தனித்தனிப் பாடங்களாக வந்தாலும் அடியில் ஓடுவது ஒரே பெருக்குத் தொடர். தொகை ஆண்டுதோறும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் கூட்டுவட்டி, குறைந்தால் தேய்மானம். சூத்திரத்தில் கூட்டல் குறி கழித்தல் குறியாகிறது, அவ்வளவுதான்.

கணக்கு பழையது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஆரியபடீயத்தில், அசலுக்கு வந்த ஒரு மாத வட்டியை மறுபடி கடனுக்கு விட்டுக் கிடைத்த மொத்தத் தொகையிலிருந்து அந்த ஒரு மாத வட்டியைக் காணும் வழி இருக்கிறது. அதற்கு இருபடிச் சமன்பாடே வேண்டியிருந்தது. ரிச்சர்ட் விட் 1613-இல் லண்டனில் வெளியிட்ட நூல் கூட்டுவட்டி அட்டவணைகளைத் தந்து கணக்கிடும் உழைப்பைக் குறைத்தது.

தமிழ்நாட்டில் வட்டி பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் பேசப்படுகிறது. ‘ஒரு ரூபாய் வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். நகையை அடகு வைத்து, அசலை மொத்தமாகக் கட்டி மீட்பவருக்கு இந்தக் கணக்கு நேர்மையானது. தவணைக் கடனில்தான் சிக்கல். 1,00,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 12,000 ரூபாயை முன்னதாகவே சேர்த்து 12 ஆல் வகுத்தால், மாதத் தவணை 9,333 ரூபாய். இதுவே ‘ஃப்ளாட்’ வட்டி. முதல் தவணையிலேயே அசலில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. ஆனால் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது.

குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் அதே 12 சதவீதத்தில் தவணை 8,885 ரூபாய்தான். முதல் மாத வட்டி 1,000 ரூபாய். மீதி 7,885 ரூபாய் அசலுக்குப் போகிறது. இரண்டாம் மாதம் 92,115 ரூபாய்க்கு 921 ரூபாய் வட்டி. கடைசித் தவணையில் வட்டி 88 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் வட்டி சுமார் 6,619 ரூபாய். ஃப்ளாட் முறையில் கேட்கும் 12,000 ரூபாயைக் குறையும் நிலுவைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் விகிதம் ஏறத்தாழ 21.5 சதவீதம். சொன்ன எண் பொய்யல்ல. எதன் மீது என்பதுதான் சொல்லப்படவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதத்தை முக்கிய விவர அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது இந்த இடைவெளிக்காகத்தான்.

தவணையைத் திருப்பிப் போட்டால் தொடர் வைப்பு. ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் 1,000 ரூபாய் வீதம் பத்து ஆண்டு போட்டு, மாதம் ஒரு சதவீதம் கிடைத்தால் முடிவில் சுமார் 2,32,339 ரூபாய். கட்டிய அசல் 1,20,000 ரூபாய். எத்தனை ஆண்டில் பணம் இரட்டிப்பாகும் என்பதற்கு 72-ஐ வட்டி விகிதத்தால் வகுப்பது உடனடி வழி: 8 சதவீதத்துக்கு ஒன்பது ஆண்டு. லூக்கா பச்சோலியின் 1494-ஆம் ஆண்டு நூலிலேயே இது இருக்கிறது. 30, 40 சதவீதம் போன்ற பெரிய விகிதங்களுக்கு இது ஒத்துவராது. விலைவாசி உயர்வைக் கழிக்காமல் இரட்டிப்பைப் பேசுவதும் அரைக் கணக்குதான்.

தேய்மானத்தில் இரு முறைகள். நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் ஒரே தொகை கழியும். குறையும் மதிப்பு முறையில் மிஞ்சிய மதிப்பின் மீது ஒரே சதவீதம் கழியும். இந்திய வருமான வரிக் கணக்கில் பெரும்பாலும் இரண்டாவது முறைதான். கணினிக்கு 40 சதவீதம், பொது இயந்திரங்களுக்கு 15 சதவீதம். 50,000 ரூபாய்க் கணினி ஏட்டில் 30,000, 18,000, 10,800 என்று இறங்கும். சூத்திரப்படி பூச்சியத்தை ஒருபோதும் தொடாது. ஏட்டு மதிப்புக்கும் சந்தை விலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு நிதியாண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்பட்ட புதிய சொத்துக்கு அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான். அதனால் இயந்திரம் வாங்கும் தொழில்முனைவோரிடம், அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் அதை ஓட விட்டுவிடுங்கள் என்று தணிக்கையாளர்கள் சொல்வது வழக்கம்.